குழம்பில் புளிப்பு எங்கிருந்து வருகிறது?

என் பெரியம்மா மதுரைப் பக்கம் பிறந்து நாகர்கோவிலுக்கு வாக்கப்பட்டுப் போனவர். சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, அடுக்களையில் ஒரு ஜாடிக்குள் கன்னங்கரேலென்று, காய்ந்து சுருண்ட தோல் துண்டுகள் மாதிரி ஏதோ கிடந்தது. திறந்தால் புகை வாசம். என்னவென்று கேட்டேன். "கொடம்புளி. மீனுக்குப் போடுறது" என்றார். எங்கள் வீட்டில் மீன் குழம்பு என்றால் சாதாரணப் புளியைக் கரைத்து ஊற்றுவதுதான். பெரியம்மா வீட்டிலும் அந்தப் புளி இருந்தது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் அதைத்தான் கரைத்தார். மீன் என்றதும் மட்டும் கை அந்தக் கறுப்பு ஜாடிக்குப் போயிற்று.

"அம்மா மாதிரி புளியே ஊத்தலாமே பெரியம்மா?" என்று கேட்டேன். "வந்த புதுசுல ஊத்துனேன். உங்க பெரியப்பா ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு, 'கொழம்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா இது மீன் கொழம்பு இல்ல'ன்னாரு" என்றார்.

பெரியப்பா குறை சொல்லவில்லை. அவருக்கு மீன் குழம்பு என்ற சொல்லுக்குள்ளேயே குடம்புளி இருந்தது. மீன் ஒன்றுதான், தேங்காய் ஒன்றுதான், மண்சட்டியும் ஒன்றுதான். ஆனாலும் எது மீன் குழம்பு, எது இல்லை என்பதை அவர் நாக்குக்கு யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பண்பாடு சமையலை உருவாக்குகிறது என்று சொல்கிறோமே, அது இதுதான். ஒரு கூட்டம் மக்கள் பல தலைமுறைகளாகச் சேர்ந்து எடுத்த முடிவுகள்: எது சாப்பாடு, எதோடு எது சேரும், எது முதலில் வரும், எந்த நாளில் எதைத் தொடக்கூடாது, யார் சமைக்கலாம். அரிசியும் பருப்பும் மீனும் வெறும் சரக்கு. அந்த முடிவுகள்தான் சரக்கைச் சமையலாக்குகின்றன.

இதைப் புரிந்துகொள்ள உலகத்துச் சமையல்களையெல்லாம் வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சுவையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். நான் புளிப்பைப் பிடித்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. உப்பு எங்கே போனாலும் உப்புதான். புளிப்புக்கோ ஊருக்கு ஒரு முகம். புளி, குடம்புளி, எலுமிச்சை, மாங்காய், தயிர், காடி (வினிகர்), புளித்த மாவு என்று ஒவ்வொன்றும் ஒரு நிலத்தையும் ஒரு கூட்டத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

நிலம் முதலில் சொல்கிறது

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைப் பட்டியல் போடும்போது தெய்வத்தை அடுத்து வைப்பது உணவைத்தான்: "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை" என்று அந்த நூற்பா போகும். மரம், பறவை, பறை எல்லாம் அதற்குப் பிறகு. உரைகாரர்கள் இதை விரித்து, மலைக்குத் தினையும் தேனும், காட்டுக்கு வரகும் சாமையும், வயலுக்கு நெல்லும் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கடற்கரைக்கு வந்ததும் ஒரு திருப்பம். அங்கே உணவு என்பது மீனையும் உப்பையும் விற்று வாங்கி வந்தது. நெய்தல் நிலத்துக்காரர் தட்டில் இருக்கும் சோறு அவர் மண்ணில் விளைந்ததில்லை, பண்டமாற்றில் வந்தது. ஒரு ஊரின் சாப்பாட்டை அந்த ஊர் மண் பாதியும் சந்தை பாதியும் தீர்மானிக்கின்றன என்பதை அவ்வளவு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். எனக்கு இது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியப்பாகவே இருக்கிறது.

குறுந்தொகை 167-ஆம் பாட்டில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய ஒரு பெண் கணவனுக்குப் புளிப்பான குழம்பு வைக்கிறாள். எதை வைத்துப் புளிப்பு? கட்டித் தயிரைக் கையால் பிசைந்து. பாட்டு முல்லைத் திணை. காடும் மேய்ச்சலும் மாடும் உள்ள நிலம். அந்த நிலத்தில் புளிப்பு வேண்டுமென்றால் கைக்கு எட்டுவது தயிர். இன்றைக்கு நாம் வைக்கும் மோர்க்குழம்புக்கு அவள் குழம்பு நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். தாளிப்புப் புகை அவள் கண்ணில் படர்ந்ததைக்கூடக் கவிஞர் விடவில்லை.

புளிய மரம் வறட்சியைத் தாங்கும். தமிழ்நாட்டின் காய்ந்த சமவெளிக்கும் சாலையோரத்துக்கும் ஏற்ற மரம். அதனால் நமக்கு 'புளி' என்று சொன்னாலே அதுதான். சுவையின் பெயரும் பழத்தின் பெயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இத்தனைக்கும் அந்த மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எந்தக் காலத்தில் வந்ததென்று யாருக்கும் நினைவில்லாத அளவுக்கு முன்னால் வந்துவிட்டதால் நம்முடையதாகிவிட்டது. அரேபியர்கள் அதை 'தமர் ஹிந்த்' என்றார்கள், அதாவது இந்தியப் பேரீச்சை. ஐரோப்பிய மொழிகளில் 'டேமரிண்ட்' என்று ஆனது இந்தச் சொல்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுங்கள். மழை கொட்டும் அந்தச் சரிவில் வளர்வது குடம்புளி மரம். பழத்தின் தடித்த தோலைக் கீற்றாகப் பிரித்துக் காயவைத்து, அடுப்புப் புகை காட்டிக் கறுப்பாக்குவார்கள். மழைக்கால ஈரத்தில் வெயிலை மட்டும் நம்பிக் காயவைக்க முடியாது என்பதை யோசித்தால், அந்தப் புகை வாசனை எங்கிருந்து வந்தது என்று புரியும். மழை கொடுத்த வாசனை அது. இன்னும் வடக்கே கொங்கணக் கரையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோக்கம். அடர்சிவப்பாகச் சாறு விடும், தேங்காய்ப்பாலில் கலந்து குடிப்பார்கள். குஜராத்தில் பருப்புக்குள் கோக்கமும் வெல்லமும் சேர்ந்து விழும். ஆந்திரத்தில் கோங்குரா, நம்ம ஊர்ப் புளிச்சக்கீரை. புளியந்தளிரையும் அங்கே விடுவதில்லை, பருப்பில் போட்டுக் கடைந்துவிடுவார்கள். இலங்கையில் சிங்களவர்கள் 'கொரக்கா' என்று குடம்புளி வகையைத்தான் மீனுக்குப் போட்டு வற்றவைக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ வறண்ட மண், பனையும் புளியும். ஒடியல் மாவில், அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில், மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயத்தங்காய், முருங்கையிலை எல்லாம் போட்டுக் காய்ச்சும் கூழில் கரைத்து ஊற்றுவது பழப்புளி, அதாவது நம் சாதாரணப் புளி.

இந்த வரைபடம் அரசியல் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி, அதற்கும் முன் திருவிதாங்கூர். மாநில எல்லை நகர்ந்தது, குடம்புளி ஜாடி நகரவில்லை. என் பெரியப்பா வீட்டில் சாம்பாருக்குப் பழப்புளியும் மீனுக்குக் குடம்புளியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததற்கு அந்த இடத்தின் மண்ணும் வரலாறும் சேர்ந்தே காரணம்.

கைப்பக்குவம் என்பது வேதியியல்தான்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்தப் புளிப்பு கிடைக்கிறதோ, அதற்குத் தக்கபடி சமைக்கும் முறையே மாறிவிடுகிறது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம், காடியில் அசிட்டிக் அமிலம். நாக்குக்கு எல்லாமே புளிப்பு. அடுப்புக்கு அப்படியில்லை.

புளிக்கரைசல் எவ்வளவு கொதித்தாலும் தாங்கும். பச்சை வாசனை போக நன்றாகக் கொதிக்கவும் வேண்டும். அதனால் புளியை நம்பிய சமையலில் நின்று கொதித்துச் சுண்டும் குழம்புகள் வளர்ந்தன: வத்தக்குழம்பு, காரக்குழம்பு, புளிக்காய்ச்சல். எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியாகிப் போய்விடும், கசப்பு மிஞ்சும். அதனால்தான் யாழ்ப்பாணத்துச் சொதியானாலும் திருநெல்வேலிச் சொதியானாலும் அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சை பிழிவார்கள். தயிரைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். அதைத் தடுக்கத் தேங்காயோடு அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்துச் சேர்க்கிறோம், நுரை கட்டியதும் சட்டென்று இறக்குகிறோம். அம்மா "நொரச்சு வந்ததும் எறக்கிடு, கொதிக்க விடாத" என்று சொன்னதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

இன்னொன்று. சாம்பாருக்குப் பருப்பையும் காயையும் வேகவைத்த பிறகுதான் புளி ஊற்றுவோம். முதலிலேயே ஊற்றினால் காய் வேகாது, பருப்பு நறுக்கு நறுக்கென்று நிற்கும். அமிலம் காயின் செல்சுவர்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டினை எளிதில் கரையவிடாது. மீனுக்கு இது தலைகீழான வசதி. கடல் மீன் நாற்றத்துக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை கொண்டவை; அமிலத்தோடு சேர்ந்ததும் அவை ஆவியாகிக் கிளம்பாமல் குழம்புக்குள்ளேயே அடங்கிவிடும். உலகத்தில் மீன் தின்கிற ஊரெல்லாம் மீனோடு ஏதோ ஒரு புளிப்பைச் சேர்ப்பது இதனால்தான். சேர்க்க வேண்டும் என்பது மீனின் தேவை. எதைச் சேர்ப்பது என்பது ஊரின் முடிவு. முதல் நாள் வைத்த மீன் குழம்பு மறுநாள் இன்னும் ருசியாக இருப்பதற்குப் புளிப்பும் உப்பும் இரவு முழுக்கச் சதைக்குள் ஊறுவதும் ஒரு காரணம்.

பாத்திரமும் இதில் சேர்த்தி. பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு பட்டால் உலோகம் கரைந்து களிம்பு ஏறும், உடம்புக்கும் ஆகாது. அதனால் மீன் குழம்புக்கு மண்சட்டி, வத்தக்குழம்புக்குக் கல்சட்டி, ரசத்துக்கு ஈயச்சொம்பு. பித்தளைப் பாத்திரம் வைத்திருந்தவர்கள் உள்ளே ஈயம் பூசியாக வேண்டும். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் நினைவிருக்கிறதா? எவர்சில்வர் வந்தது, அந்தத் தொழிலே அடங்கிப்போயிற்று. புளிப்பை ஆதாரமாகக் கொண்ட ஒரு சமையல், குயவரையும் கல்தச்சரையும் ஈயம் பூசுபவரையும் கூடவே வைத்திருந்தது. ஒரு ஊரின் சமையலைப் பற்றிப் பேசும்போது செய்முறையை மட்டும் பேசினால் இவர்களெல்லாம் விடுபட்டுப்போவார்கள்.

மாசி பங்குனியில் புளி உலுக்குவார்கள். வெயிலில் காயவைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, கல்லுப்புச் சேர்த்துப் பானையில் அடைத்துவைத்தால் வருஷம் முழுக்க வரும். தெருத்திண்ணையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து புளி தட்டும் சத்தம், நடுநடுவே ஊர்க்கதை, கொட்டைகளைப் பொறுக்கிப் பல்லாங்குழிக்கு எடுத்துப்போகும் பிள்ளைகள். கொரியாவில் குளிர் தொடங்கும் முன் குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து முட்டைக்கோஸில் கிம்ச்சி போட்டு வைப்பார்கள். அந்தக் கூட்டுவேலைக்குக் கிம்ஜாங் என்று பெயர். தென்கொரியாவின் கிம்ஜாங்கை யுனெஸ்கோ 2013-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருத்திண்ணைதான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்குப் பனி, நமக்கு வெயில். ஒரு பருவத்தில் கிடைக்கும் புளிப்பை மற்றப் பருவங்களுக்குக் கூட்டமாக உட்கார்ந்து சேமிப்பது இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

ஒரே ஊர், ஒரே மீன், இரண்டு புளிப்பு

நிலம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தால் ஒரு ஊரில் ஒரே சமையல்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்பதற்குக் கோவாவை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கோவாவில் ஒரே தெருவில் இந்துக் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமும் இருக்கும். பேசுவது ஒரே கொங்கணி, வாங்குவது ஒரே சந்தை மீன். இந்து வீட்டில் பெரும்பாலும் கோக்கமோ புளியோ விழும். கத்தோலிக்க வீட்டில், குறிப்பாக இறைச்சிக்கு, காடி. அதுவும் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த காடி. போர்ச்சுக்கீசியர் 1510-இல் கோவாவைப் பிடித்தார்கள். 1961 வரை இருந்தார்கள். அவர்கள் ஊரில் இறைச்சியைத் திராட்சை மதுவிலோ காடியிலோ பூண்டோடு ஊறவைத்துச் சமைக்கும் பழக்கம் உண்டு. அதன் பெயர் 'கார்னே தே வின்யா தாலியோஸ்'. இங்கே திராட்சைக் காடி எங்கே கிடைக்கும்? தென்னை இருந்தது, கள் இருந்தது. கள்ளுக்காடியில் இறைச்சி ஊறியது, உள்ளூர் மசாலா சேர்ந்தது, போர்ச்சுக்கீசியரே கொண்டுவந்த மிளகாயும் சேர்ந்தது. 'வின்யா தாலியோஸ்' என்பது வாய்மாறி 'விந்தாலு' ஆயிற்று. பல ஓட்டல்களில் அதை 'ஆலு' என்று நினைத்து உருளைக்கிழங்கு போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயரில் இருப்பது பூண்டு.

ஏன் இந்து வீட்டில் காடி நுழையவில்லை? கள்ளிலிருந்து வந்ததைச் சமையலில் சேர்க்க அவர்களின் ஆசாரம் இடம் கொடுக்கவில்லை. போகப்போகப் புளிப்பே மதத்தின் அடையாளமாகிவிட்டது. அடையாளம் என்றால் விளையாட்டில்லை. 1736-இல் கோவாவின் மத விசாரணை மன்றம், மதம் மாறியவர்கள் பழைய வழக்கங்களை விட வேண்டும் என்று ஒரு நீண்ட ஆணை போட்டது. அதில் ஒன்று, இந்துக்கள் செய்வதுபோல் உப்பில்லாமல் சோறு வடித்துப் பிறகு உப்புச் சேர்க்கக் கூடாது என்பது. ஒருவர் எந்த மதம் என்று தெரிந்துகொள்ள அவர் உலையைப் பார்த்திருக்கிறார்கள். சமையல் இனிமையான விஷயம் என்று மட்டும் நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்களைக்குள் அதிகாரமும் வந்து உட்காரும்.

நம் பக்கத்திலும் சடங்கு ஒரு சமையலைக் காலத்தில் உறையவைத்திருக்கிறது. பல பிராமண வீடுகளில் திவசத்தன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் எதுவும் சேர்க்க மாட்டார்கள். காரத்துக்கு மிளகு. வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், இஞ்சித் துவையல். பூரி ஜகந்நாதர் கோவில் மடைப்பள்ளியிலும் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் மிளகாய்க்கும் இடமில்லை. விலக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டத்திலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கப்பலில் வந்தவை. முன்னோர் சாப்பிடாததை முன்னோருக்குப் படைப்பதில்லை என்பதே இந்த விலக்கின் அடிப்படை. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு முந்தைய தென்னிந்தியச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வாய் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தத் திவச இலைதான் கிட்டத்தட்ட அருகில் கொண்டுபோகும்.

வந்தவை, போனவை

மிளகாய் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மிளகு, காய். மிளகு மாதிரிக் காரமாக இருக்கும் காய். புதிதாக வந்த ஒன்றுக்குப் பழைய பெயரை வைத்துக் கூப்பிட்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட கதை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தக்காளியும் அப்படியே. அந்தப் பெயர் முன்பே நம் ஊர்ச் சிறு பழச்செடிகளுக்கு இருந்தது. மணத்தக்காளியில் இன்னும் மிச்சமிருக்கிறது. சீமையிலிருந்து வந்த பெரிய பழம் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டது. இன்றைக்குத் தக்காளி இல்லாமல் ரசமே இல்லை என்று நினைக்கிறோம். வெறும் புளியும் மிளகும் சீரகமும் போட்ட ரசத்தைச் செய்து பாருங்கள். மெலிந்து, கூர்மையாக, நேராகத் தொண்டைக்குள் இறங்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அந்த மிளகுத்தண்ணீர் கப்பலேறி எதிர்ப்பக்கம் போனது. சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு ஒரு சிக்கல். அவர்கள் விருந்தில் முதலில் சூப் வர வேண்டும். நம் இலையில் அப்படி ஒரு முறையே கிடையாது. குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று கெட்டிப் புளிப்பிலிருந்து நீர்த்த புளிப்புக்கு இறங்கி, தயிரின் புளிப்பில் முடிப்பதுதான் நம் வரிசை. ரசம் இரண்டாவதாக, சோற்றோடு. அவர்கள் அதைச் சோற்றிலிருந்து பிரித்துக் கிண்ணத்தில் ஊற்றி முதலில் வைத்தார்கள், கோழியோ ஆடோ சேர்த்தார்கள், கெட்டியாக்கினார்கள். 'மல்லிகட்டானி' என்று பெயர். இங்கிலாந்து போனதும் ஆப்பிளும் பாலாடையும்கூடச் சேர்ந்தன. ஒரு பதார்த்தம் இடம் மாறும்போது பொருள்கள் மாறுவதை எல்லோரும் கவனிப்பார்கள். சாப்பாட்டில் அது உட்காரும் இடம் மாறுவதைத்தான் நான் பெரிய மாற்றமாக நினைக்கிறேன்.

பிலிப்பைன்ஸில் இன்னொரு விதம். அங்கே ஸ்பானியர் வருவதற்கு முன்பே இறைச்சியையும் மீனையும் காடியில் சமைக்கும் வழக்கம் இருந்தது. அந்த வெயிலில் கெடாமல் இருக்க அதுதான் வழி. வந்த ஸ்பானியர்கள் தங்கள் ஊர் ஊறவைப்பு மாதிரி இருக்கிறதே என்று 'அதோபோ' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வெளியூர், சமையல் உள்ளூர். கோவாவில் நடந்ததற்கு நேர் எதிர். அதே பிலிப்பைன்ஸில் 'சினிகாங்' என்றொரு புளிப்பான சாறு உண்டு. புளியங்காய், கொய்யா, பிலிம்பி, மாங்காய் என்று அந்தந்த ஊரில் கிடைக்கும் புளிப்பைப் போடுவார்கள். புளிப்பு வேண்டும் என்பது மட்டும் சட்டம்.

காசில்லாத புளிப்பு

இதுவரை சொன்ன புளிப்பில் பெரும்பாலானவை மரத்திலிருந்தோ மாட்டிலிருந்தோ வந்தவை. மரமோ மாடோ இல்லாதவர்களுக்கும் ஒரு புளிப்பு இருந்தது. அதைக் காலம் இலவசமாகக் கொடுத்தது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்தால் காலையில் நீராகாரம். கேழ்வரகு மாவையோ கம்பு மாவையோ கரைத்து முதல் நாளே புளிக்கவிட்டு, மறுநாள் நொய் போட்டுக் காய்ச்சினால் கூழ். சின்ன வெங்காயம், மிளகாய், இருந்தால் ஒரு துண்டு கருவாடு. வயலில் இறங்கி உழைத்தவர்களின் காலைச் சாப்பாடு இதுதான். எத்தியோப்பியாவில் டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்து இஞ்சேரா சுடுகிறார்கள். நம் தோசைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். அங்கே அது ஏழைக்கும் விருந்துக்கும் பொது, நாட்டுக்கே முகம். நம் கூழுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குப் படைக்கும்போது மட்டும் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறோம். மற்ற நாளில் கூழ் குடித்தவர்களை 'சோற்றுக்கு வழியில்லாதவர்' என்றும் 'பழையது தின்பவர்' என்றும் பேசிய ஊர்தான் இது.

அச்சில் வந்த சமையல் புத்தகங்களில் பெரும்பாலும் நேரமும் நெய்யும் முந்திரியும் உள்ள வீடுகளின் சமையல்தான் ஏறியது. 'தமிழ்ச் சமையல்' என்று ஒன்றைச் சொல்லும்போது யாருடைய அடுக்களையைச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் பாதிச் சமையல் கணக்கிலேயே வராது. எந்தச் சாதி எதைத் தின்கிறது என்பதை வைத்து மனிதரை ஏற்றியும் இறக்கியும் அளந்ததும் நம் சமையல் பண்பாட்டின் ஒரு பகுதி. அதை மறைத்துவிட்டு மணத்தை மட்டும் பாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, சமையலை இப்படிப் பார்க்கத் தொடங்குபவர் என்ன செய்யலாம்? உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு வாரம் உங்கள் அடுக்களையில் எந்தெந்தப் பதார்த்தத்துக்கு எந்தப் புளிப்பு போகிறது என்று கவனியுங்கள். எதில் தக்காளி, எதில் புளி, எதில் மாங்காய், எதில் தயிர், எதில் இரண்டு சேர்கிறது. ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வீட்டில் யார் முதலில் "இது அது இல்லையே" என்று சொல்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் அந்த ருசியை யாரிடம் சாப்பிட்டுப் பழகினார்கள் என்று கேளுங்கள். பாட்டி பிறந்த ஊர், தாத்தா வேலைக்குப் போன ஊர், வீட்டுக்கு வந்த மருமகள் கொண்டுவந்த வழக்கம், அந்த ஊரில் கிடைத்த மரம், கிடைக்காமல் போன மீன் எல்லாம் வெளியே வரும்.

பெரியம்மாவின் மகள் இப்போது கோலாலம்பூரில் இருக்கிறாள். போன புதிதில் கொண்டுபோன குடம்புளி தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் மலாய்க்காரப் பெண் ஒருவர், 'அசாம் கெப்பிங்' என்று காய்ந்த பழச் சீவல்களைக் காட்டி, மீனுக்கு இதைத்தான் போடுவோம் என்றிருக்கிறார். அசாம் என்றால் மலாயில் புளிப்பு. குடம்புளியின் ஒன்றுவிட்ட சகோதரி அது. புகை காட்டாமல் காயவைப்பதால் வெளிர் பழுப்பாக இருக்கும். அதைப் போட்டுக் குழம்பு வைத்தாள். அந்த வருஷம் பெரியம்மா அங்கே போயிருந்தபோது சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நெறந்தான் கொஞ்சம் வெளுத்திருக்கு, பொக மணம் இல்ல. புளிப்பு நம்ம புளிப்புதான்" என்றாராம். திரும்பி வரும்போது பெட்டியில் அரைக் கிலோ வாங்கி வந்திருந்தார். நாகர்கோவில் அடுக்களையில் இப்போது மூன்று ஜாடி இருக்கிறது.